தூக்க வந்த நாலு பேர்

"கதவைத் திற. பசங்க வாசல்ல வந்து நிக்கிறாங்க."

"நிக்கட்டும். நிக்க முடிஞ்சவங்க நிக்கிறதுல எனக்கென்ன கஷ்டம்?"

படுக்கையறைக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. உள்ளே சக்கர நாற்காலியில் மனைவி. வெளியே, நெற்றியைக் கதவில் முட்டாத குறையாகக் கணவர். கூடத்துக்கு அப்பால், திறந்திருந்த வாசலில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைச் சுற்றி நாலு இளைஞர்கள். நல்ல காரியம் செய்ய வந்த இடத்தில் புருஷன் பெண்டாட்டிச் சண்டை நடந்தால் எந்தப் பக்கம் பார்ப்பது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. நாலு பேரும் செருப்பு அலமாரியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஞாயித்துக்கிழமை. தூங்க வேண்டிய பசங்க, உனக்காக எழுந்து வந்திருக்காங்க. நான் என்ன பதில் சொல்றது?"

"அவ வேண்டாங்கறான்னு சொல்லுங்க."

"அது எப்படி? போன வாரம் வந்தே. அதுக்கு முந்தின வாரம் வந்தே."

"நான் எங்க வந்தேன்? நீங்க தூக்கிட்டுப் போனீங்க."

கணவர் குரலைத் தணித்துக்கொண்டார். "மேல எல்லாரும் காத்துட்டிருக்காங்க. சங்கத் தலைவர் வேற ரெண்டு தடவை போன் பண்ணிட்டாரு. உன்னை நடுவுல உட்கார வெச்சுத்தான் படமே எடுக்கணுமாம்."

உள்ளே சக்கர நாற்காலி கதவருகே உருண்டு வந்தது. பிறகு அவள் பேசினாள். பஸ்ஸின் முன்படியிலிருந்து பின்படிவரை கேட்டுப் பழகிய குரல் அது. ஒரு மரக்கதவு அதற்குப் பொருட்டே இல்லை.

"இதோ பாருங்க. என்னை நாலு பேர் தூக்குறது வாழ்க்கையில ஒரு தடவைதான். அன்னிக்கு நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். அதுவரைக்கும் யாரும் என் மேல கை வைக்க வேண்டாம்."

வாசலில் ஒருவன் சிரித்துவிட்டான். சிரித்து முடித்த பிறகுதான் அவள் என்ன சொன்னாள் என்பது அவனுக்கு உறைத்தது. நாற்காலியின் முதுகில் வைத்திருந்த கையை மெதுவாக எடுத்துக்கொண்டான்.

அவர்கள் குடியிருந்தது மூன்று மாடிக் கட்டடம். லிஃப்ட் கிடையாது, லிஃப்ட் வைப்பதைப் பற்றிய பேச்சு மட்டும் உண்டு. கட்டடம் எழுந்த நாளிலிருந்து இருக்கும் பேச்சு. சுவர்களில் விரிசல் விழுந்துவிட்டது, பேச்சில் இன்னும் ஒரு கீறல்கூட விழவில்லை.

கணவர் அந்தக் கட்டடத்தின் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் செயலாளரானதற்கு ஒரு காரணம் உண்டு. மனைவி நகரப் பேருந்தில் நடத்துநராக இருந்தாள். இனி ஒரு ஆள் ஏறினால் மூச்சு முட்டிவிடும் என்கிற பஸ்ஸிலும் இன்னும் பத்துப் பேருக்கு இடம் கண்டுபிடிப்பாள். அந்தத் தடத்தில் போய்வருகிறவர்கள் எல்லாருக்கும் அவள் கண்டக்டரக்கா. ஆகவே கட்டடத்துக்கும் கண்டக்டரக்கா. ஆகவே அவர், முப்பது வருஷம் மேஜை நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை பார்த்த மனுஷர், 'கண்டக்டரக்கா வீட்டுக்காரர்'. தனக்கென்று ஒரு பட்டம் வேண்டுமென்று சங்கத் தேர்தலில் நின்றார். எதிர்த்து நிற்க ஆளில்லாததால் அமோகமாக வென்றார். அதற்குப் பிறகு அவரைக் 'கண்டக்டரக்கா வீட்டுச் செயலாளர்' என்று அழைத்தார்கள்.

போன வருஷம் பணிமனையில் பின்னால் எடுத்த பஸ் ஒன்று அவளைச் சுவரோடு சேர்த்து நெருக்கிவிட்டது. பிழைத்துக்கொண்டாள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பவில்லை. கட்டடமே திரண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தது. இரண்டாம் மாடியில் இருந்த அவர்களுக்குக் கீழ்த்தளத்துக்காரர்கள் வீட்டை மாற்றிக் கொடுத்தார்கள். எல்லாரும் நல்லவர்கள்தான். இந்தக் கதையில் கெட்டவரைத் தேடிப் பிடித்து நாலு அறை விடலாம் என்று வந்தவர்கள் இப்போதே திரும்பிப் போய்விடலாம்.

டாக்டர் சொன்னது சுருக்கமாக இருந்தது. தோளும் கையும் வலுவாக இருக்க வேண்டும், தினமும் அசைக்க வேண்டும், வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கக் கூடாது, நாலு பேரோடு பேசிப் பழக வேண்டும். அந்த நாலு பேர் எதற்கு என்று டாக்டர் விளக்கமாகச் சொல்லியிருக்கலாம்.

ஏனென்றால் அதே சமயத்தில்தான் சங்கம் 'எல்லாருக்கும் நல்வாழ்வு' என்றொரு திட்டத்தைத் தொடங்கியது. பெயர் வைத்தவர் கணவர். ஞாயிறு தோறும் மொட்டை மாடியில் கைகால் நீட்டி மடக்குவது, மூச்சுப் பயிற்சி, கொஞ்ச நேரம் காரணமில்லாமல் சத்தம் போட்டுச் சிரிப்பது, கடைசியில் டீ. காரணமில்லாத சிரிப்பைப் பற்றிக் கண்டக்டரக்காவுக்குப் பெரிய அபிப்பிராயம் ஒன்றும் இல்லை. அவள் ஆசைப்பட்டது அந்த டீக்கு. டீயைக் கையில் வைத்துக்கொண்டு யார் வீட்டில் என்ன, யார் யாரோடு பேசுவதில்லை, யார் பையன் எங்கே வேலைக்குப் போகிறான் என்று அரைமணி நேரம் நடக்கும் பேச்சுக்கு. ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் முகம் பார்த்தவளுக்கு, மாதக்கணக்கில் ஒரே முகம். அதுவும் கணவர் முகம். அவள் தவித்துப்போயிருந்தாள் என்பதுதான் உண்மை.

"நானும் வரேங்க," என்று அவளாகவேதான் முதலில் சொன்னாள்.

கணவர் பூரித்துப்போனார். மறுநாளே நாலு பையன்களைத் திரட்டினார். முதல் ஞாயிறு அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து மூன்று மாடி தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டாவது திருப்பத்தில் ஒருவன் கை வழுக்கி நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. அவள் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். புடவை முழங்கால்வரை ஏறியது. இழுத்து விடக் கை இல்லை. படிக்கட்டின் மேலேயிருந்து ஒருவர் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். மாடிக்குப் போனதும் எல்லாரும் கை தட்டினார்கள். எதற்கு என்று அவளுக்கு முதலில் புரியவில்லை, தானும் கூடச் சேர்ந்து தட்டினாள். பிறகுதான் தெரிந்தது, அது தூக்கியவர்களுக்கான கைதட்டல் என்று.

அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். டீ நன்றாக இருந்தது, பேச்சு அதைவிட நன்றாக இருந்தது. பொறுக்க முடியாதது மூன்றாவது வாரம் நடந்தது. டீக்குப் பிறகு ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். நாலு பையன்களில் இரண்டு பேர் விளையாடப் போய்விட்டார்கள். கணவர் தலைவரோடு ஏதோ தீவிரமாகப் பேசியபடியே படியிறங்கி, பேச்சு முடிந்ததும் அப்படியே சந்தைக்குப் போய்விட்டார். மொட்டை மாடியில் வெயில் ஏறியது. அவளுக்குச் சிறுநீர் முட்டியது. கூப்பிட்டால் கட்டடமே கேட்கும் குரல் அவளுக்கு உண்டு. ஆனால் என்னவென்று கூப்பிடுவது? கூப்பிட்டால் வருவது நாலு ஆண்பிள்ளைகள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணவர் ஓடி வந்து, ஆள் சேர்த்து, கீழே கொண்டுவந்து சேர்த்தபோது நேரம் கடந்துவிட்டிருந்தது. அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் மத்தியானத்துக்கு மேல் அவள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டாள். நல்வாழ்வுத் திட்டத்தால் அவளுக்குக் கிடைத்த முதல் பழக்கம் அதுதான்.

இந்த வாரம் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று மேலே, அவளுக்குக் காய்ச்சல் என்று கணவர் சொல்லிவிட்டார். காலி நாற்காலியை நடுவில் போட்டுப் படம் எடுத்தால் நன்றாயிருக்காது என்று அதை ஓரமாகத் தள்ளி வைத்தார்கள்.

மத்தியானம் சாப்பிடும்போது கணவர் முகம் தொங்கிக்கிடந்தது. ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"உனக்காகத்தானே எல்லாம் பண்றேன்? மத்தவங்க மாதிரி நீயும் வரணும்னு தானே?"

"மத்தவங்க மாதிரின்னா கீழ நடத்துங்க. நானே உருட்டிட்டு வரேன். ஒரு ஆளும் தேவையில்லை."

"கீழ எங்க இருக்கு இடம்?"

அவள் சன்னலைக் காட்டினாள்.

சன்னலுக்கு வெளியே, கட்டடத்தின் நிழல் நாள் முழுக்க விழும் அருமையான இடத்தில், ஒரு கார் உறை போர்த்திக்கொண்டு நின்றது. அது பொது இடம்தான். ஒரு காலத்தில் குழந்தைகள் அங்கே விளையாடினார்கள். தலைவர் பதவி உயர்வு வாங்கிய வருஷம் அந்தக் காரை வாங்கி அங்கே நிறுத்தினார். பிறகு அது ஓடுவதை நிறுத்திக்கொண்டது. சக்கரத்தில் காற்று இல்லை. பாட்டரி எப்போதோ போய்விட்டது. உறையை மட்டும் வாரம் தவறாமல் துவைத்துக் காயப்போட்டு மறுபடி மாட்டுவார். அந்தக் காருக்கு நடந்த பணிவிடை அந்தக் கட்டடத்தில் எந்த மாமியாருக்கும் நடந்ததில்லை.

"அது தலைவர் கார்," என்றார் கணவர், குழந்தைக்குச் சொல்வதுபோல்.

"தெரியுது. ஓடுதா?"

"ஓடாது."

"ஓடாத காருக்குக் கீழ நிழல்ல இடம். நடக்க முடியாத எனக்கு மூணு மாடிக்கு மேல மொட்டை மாடி. எந்தப் புத்திசாலி போட்ட கணக்குங்க இது?"

கணவர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். ஏனென்றால் அந்தக் கணக்கைப் போட்டது அவர்தான். தலைவர் குடியிருப்பது மூன்றாம் மாடி. அங்கிருந்து மொட்டை மாடி எட்டிப் போட்டால் பத்துப் படி. திட்டம் தொடங்கிய அன்று "மேலயே வெச்சுக்கலாமே, காத்து வரும்" என்று தலைவர் சொன்னார். காற்று வரும் என்பதை யார் மறுக்க முடியும்?

இருந்தாலும் கணவர் அடுத்த கூட்டத்தில் விஷயத்தை எடுத்தார். கோழை அல்ல அவர். கொஞ்சம் சுற்றி வளைத்துப் பேசுகிறவர், அவ்வளவுதான். "என் சம்சாரத்துக்கு மேல வர்றதுல சில சிரமங்கள்..." என்று ஆரம்பித்தார். அவ்வளவு போதுமாயிருந்தது. எல்லாருக்கும் அனுதாபம் பொங்கியது. நாற்காலிக்கு இடுப்புப் பட்டை போடலாம் என்றார் ஒருவர். தூக்குகிற பையன்களுக்கு ஒரே நிறத்தில் சட்டை எடுத்துக் கொடுத்தால் ஊக்கமாக இருக்கும் என்றார் இன்னொருவர். கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர் இருந்தார். அவர் செங்கல் ஏற்றும் கப்பியும் கயிறும் தன்னிடம் சும்மாதான் கிடக்கின்றன என்று மனசார முன்வந்தார். லிஃப்டைப் பற்றியும் வழக்கம்போல் பேசினார்கள். காரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கணவர் உள்பட.

"என்னாச்சு?" என்றாள் அவள், வீடு வந்தவரிடம்.

"பேசினோம்."

"என்னைச் செங்கல் மாதிரி ஏத்தலாம்னு யாராவது சொன்னாங்களா?"

கணவர் திடுக்கிட்டார். அவள் விளையாட்டாகத்தான் கேட்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்திவிட்டாள்.

அப்படியிருக்கும்போதுதான் நகர சபையிலிருந்து செய்தி வந்தது. எல்லாரையும் சேர்த்துக்கொண்டு நலப் பணி செய்யும் குடியிருப்புக்கு ஒரு விருது தரப்போகிறார்கள். அதிகாரி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்ப்பார். தலைவர் மாடிப்படிச் சுவருக்குப் புது வண்ணம் அடிக்கச் சொன்னார். கணவர் மனைவியின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தார்.

"இந்த ஒரு தடவை. எனக்காக."

அவள் அவரைப் பார்த்தாள். கெட்ட மனிதர் அல்ல. ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் கட்டிலுக்குக் கீழே துண்டை விரித்துப் படுத்தவர். அவளைக் குளிப்பாட்டவும் உடுத்தவும் முகம் சுளிக்காமல் கற்றுக்கொண்டவர். அப்படிப்பட்டவருக்கு இது மட்டும் ஏன் புரியவில்லை என்று அவளுக்கு அழுகையாக வந்தது.

"படிக்கட்டு ஓரத்துல உட்கார்ந்திருக்கேன்," என்றாள். "அதிகாரி வரும்போது வணக்கம் சொல்றேன். அதுக்கு மேல ஒரு படிகூடக் கிடையாது."

ஞாயிறு காலை கட்டடம் மொத்தமும் மொட்டை மாடியில் கூடிவிட்டது. கீழே தலைவர், கணவர், புதுச் சட்டையில் நாலு பையன்கள், பிளாஸ்டிக் நாற்காலி. சற்றுத் தள்ளித் தன் சக்கர நாற்காலியில் அவள். ஆட்டோ ஒன்று வந்து நின்றது. அதிகாரி இறங்கினார். முதலில் வயிறு இறங்கியது, பிறகு அதிகாரி இறங்கினார். நிறைமாதம். ஒரு கையால் இடுப்பைத் தாங்கிக்கொண்டு நடந்து வந்து, படிக்கட்டைக் கீழேயிருந்து மேலே பார்த்தார்.

"மேலயா?"

"மொட்டை மாடிங்க மேடம். காத்து நல்லா வரும்," என்றார் தலைவர்.

"என்னால ஏற முடியாதே. டாக்டர் கண்டிப்பா கூடாதுன்னிருக்காங்க."

கணவருக்கு இந்தப் பிரச்சினைக்கு விடை தெரியும். மாதக்கணக்காக அவர் அதில் கைதேர்ந்தவர். வாய் தானாகவே திறந்துகொண்டது.

"அதைப் பத்திக் கவலைப்படாதீங்க மேடம். தூக்கிட்டுப் போறதுக்கு நாலு பேர் தயாரா இருக்காங்க."

அதிகாரி பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்தார். நாலு பேரைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார்.

"என்னையா? தூக்கிட்டா?"

"சேச்சே!" தலைவர் பதறிப்போய்க் குறுக்கே பாய்ந்தார். "என்ன பேச்சு இது? ஒரு பொம்பளைப் புள்ளைய, அதுவும் இந்த நிலைமையில, நாலு ஆம்பளைங்க தூக்குறதா? கொஞ்சமாவது யோசனை வேண்டாமா? மன்னிச்சுக்குங்க மேடம். கீழயே வெச்சுக்கலாம். அதுக்கென்ன?"

"கீழ இடம் இருக்கா?"

"இதோ! தம்பிங்களா, அந்த வண்டியைத் தள்ளுங்க."

உறையோடு காரைத் தள்ளினார்கள். பம்பு கொண்டுவந்து காற்றடித்தார்கள். மேலேயிருந்து ஆட்கள் இறங்கி வந்து கை கொடுத்தார்கள். அதிகாரி ஒரு டம்ளர் டீ குடித்து முடிப்பதற்குள் கார் தெருவுக்குப் போய் வெயிலில் நின்றது. இத்தனை மாதமாக இல்லாத இடம் அகலமாக, நிழலாக, எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி கிடந்தது. தரையில் காரின் அளவுக்கு எண்ணெய்க்கறை மட்டும்.

கணவர் அந்த இடத்தைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும், பதிலுக்கு ஏதாவது பேசியிருக்கலாம். 'நாலு ஆம்பளைங்க தூக்குறதா' என்று தலைவர் கேட்டது அவர் காதிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணைத் தூக்குவது கேவலம் என்று எல்லாருக்கும் ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. தன் மனைவியைத் தூக்கியபோது தானே முன்னால் நின்று கை தட்டினோம் என்பது நினைவுக்கு வந்ததும் அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

நிகழ்ச்சி பிரமாதமாக நடந்தது. மேலேயிருந்து இறங்கியவர்கள் போக, ஒரு நாளும் மாடி ஏறாதவர்களும் வந்து சேர்ந்தார்கள். முதல் மாடியில் மூட்டுவலி என்று சொல்ல வெட்கப்பட்டு "எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கையில்லை" என்று சொல்லிவந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் வந்தார். கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். பருத்த உடம்புக்காரி என்று மாடிப்படியில் கேலிக்கு ஆளானவள் வந்தாள். பயிற்சி சொல்லிக்கொடுக்க வேண்டியவருக்குத் தொண்டை கட்டியிருந்ததால், கண்டக்டரக்காவே குரல் கொடுத்தாள். "கையை மேல தூக்குங்க! பின்னாடி நிக்கிறவங்க முன்னாடி வாங்க! வாத்தியார் சார், சும்மா பாக்காதீங்க, தூக்குங்க!" எல்லாரும் சிரித்தார்கள். அன்று காரணத்தோடு சிரித்தார்கள்.

அதிகாரி மனம் குளிர்ந்துபோனார். விருது உங்களுக்குத்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டார். தலைவர் நன்றியுரை ஆற்றினார். "யாருக்கும் சிரமம் இருக்கக் கூடாதுன்னு ஆரம்பத்துலேர்ந்தே நாங்க கீழதான் நடத்துறோம்," என்றார். மனிதர் கூசவே இல்லை. பாதி உரையில் அவரே அதை நம்பத் தொடங்கிவிட்டார் என்று தோன்றியது.

மறுநாள் காலை கண்டக்டரக்கா தானே கதவைத் திறந்துகொண்டு, தானே சக்கரத்தை உருட்டி, அந்த இடத்தின் நட்ட நடுவில் போய் நின்றாள். கட்டடம் பெருக்கும் பெண் அங்கே பெருக்கிக்கொண்டிருந்தாள். நேற்றுக் கூடியவர்கள் போட்டுவிட்டுப் போன குப்பை.

"என்னக்கா, தனியா வந்துட்டீங்க?"

"கையைக் காலை ஆட்டலாம்னு வந்தேன். கால் வராது, கையையாவது ஆட்டுவோம்."

"ஆட்டுங்க. நேத்தும் பாத்தேன். வாசல் கேட்டு பக்கத்துல நின்னு பாத்தேன். எனக்கும் இந்தத் தோளு ராத்திரியில உயிர் போகுது."

"அடிப்பாவி, அப்ப வந்திருக்கலாமே?"

"யாரு கூப்பிட்டா?" அவள் பெருக்குவதை நிறுத்தவில்லை. "எல்லாருக்கும்னுதான் சொல்றாங்க. அதுல நான் உண்டா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்களும்தான் என்னைக் கூப்பிடல."

இத்தனை வருஷ சர்வீஸில் எந்தப் பயணியாலும் அடைக்க முடியாத வாய், அந்த இடத்தில் அடைபட்டது. உண்மைதான். தன்னை விட்டுவிட்டார்கள் என்று மாதக்கணக்காகப் புழுங்கியவள், தினமும் தன் வாசலைப் பெருக்குகிறவளுக்கும் ஒரு தோள் உண்டு என்று நினைத்துப் பார்த்ததில்லை. அவளுக்குக் காதெல்லாம் சுட்டது.

"தப்புதான்," என்றாள். "துடைப்பத்தை ஓரமா வெச்சுட்டு வாங்க."

"இப்பவா? பாதி பெருக்கல் அப்படியே கிடக்குதே."

"குப்பை எங்கயும் ஓடிப் போயிடாது. வாங்க."

தலைவர் நாலு பையன்களோடு வந்தபோது, அந்த இடத்தில் இரண்டு பெண்கள் கைகளை உயர்த்தியிருந்தார்கள். ஒருத்தி நின்றும், ஒருத்தி உட்கார்ந்தும். மூட்டுவலி வாத்தியார் சற்றுத் தள்ளிச் செய்தித்தாள் படிப்பதுபோல் பாவனை பண்ணிக்கொண்டு ஒரு காலை மட்டும் நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார். செய்தி கேட்டுக் கணவர் சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே ஓடி வந்தார்.

தலைவர் எப்போதும்போல அவளைத் தாண்டிக் கணவரைப் பார்த்துப் பேசினார்.

"செயலாளரே, வண்டி நேத்துலேர்ந்து வெயில்ல காயுது. உங்க வீட்டம்மாவைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி விடுங்க."

கணவர் அசையவில்லை.

"சரி, தம்பிங்களா, நீங்க அப்படியே சேரோட தூக்கி ஓரமா வையுங்க. உங்களுக்குத்தான் பழக்கமாச்சே."

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு வாசலில் நின்று சிரித்தவன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "அக்கா சொன்னாத்தான் சார்," என்றான். மற்ற மூன்று பேரும் அவன் பேசியதே போதும் என்பதுபோல் நின்றார்கள்.

"என்னய்யா இது? நீங்களாவது சொல்லுங்க," என்று தலைவர் மறுபடியும் கணவரிடம் திரும்பினார்.

கணவர் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் என்று முன்பே சொன்னோம். அன்று வளைக்க ஒன்றும் கிடைக்கவில்லை.

"அவ அங்கதானே சார் இருக்கா," என்றார். "காது நல்லா கேக்கும். அவளையே கேளுங்க."

பெருக்கும் பெண் கையை இறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வாத்தியார் செய்தித்தாளை மடித்துவிட்டார். மேல்மாடிகளில் இரண்டு மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன. தலைவர் தொண்டையைச் செருமினார். இத்தனை வருஷத்தில் அவளிடம் அவர் நேராகப் பேசியதில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் கொஞ்சம் குனிந்தார்.

"ஏம்மா... வண்டியை உள்ள விடணும். கொஞ்சம் நகர்ந்துக்கிறீங்களா?"

அவள் கைகளை இறக்கினாள். முகமெல்லாம் மலர்ந்தது. அந்தச் சிரிப்பில் கேலி துளியும் இல்லை என்று சொன்னால் நம்ப வேண்டும்.

"இந்தக் கட்டடத்துல என்னை ஒரு வார்த்தை கேட்டது நீங்கதான் சார் முதல் ஆள். ரொம்ப நன்றி," என்றாள். "முடியாது."

சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்றவளைப் பார்த்து, "ம், இன்னொரு தடவை மேல தூக்குங்க," என்றாள்.